ஏழு நிமிஷத்து ஆட்டக்காரன்

ஃபேக்டரியில் அவருக்குப் பெயர் மூணாம் மேஜை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சூப்பர்வைசரின் வாயில் அது நுழையவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கவே, "சரி விடு, நீ மூணாம் மேஜை" என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம். சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும் மாட்டின் முன்காலை இழுத்து மேஜையில் போட வேண்டும். தோள் எலும்பைச் சுற்றிக் கத்தியை ஓட்ட வேண்டும். எலும்பில் சதை மிஞ்சினால் சூப்பர்வைசர் கத்துவார். சதையில் எலும்பு மிஞ்சினால் வாங்கினவன் கத்துவான். ஒரு நாளைக்கு இருநூற்றுச் சொச்சம் கால்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்த அறைக்குள் எப்போதும் மார்கழிதான். உள்ளே இரண்டு ஸ்வெட்டர், இடது கையில் கம்பி பின்னிய கையுறை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். பத்து மணிக்கு மணியடித்தால் ஆட்கள் முதலில் ஓடுவது டீக்கு இல்லை, வெந்நீர்த் தொட்டிக்கு. விரல்களை முக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால்தான் அவை தங்களுடைய விரல்கள் என்று நம்பிக்கை வரும்.

அவர் மனைவிக்கு அதே ஃபேக்டரியில் சலவைப் பிரிவில் வேலை. முந்நூறு பேரின் ரத்தக்கறைக் கோட்டுகளை வெளுத்து மடித்துக் கொடுப்பாள். "உங்க அறையில சிந்துறதெல்லாம் கடைசியில என் தலையிலதான் விடியுது" என்பாள்.

ஒரே மகன். நாலு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பிறந்த நாட்டிலிருந்து விமானம் ஏறி வந்தவன். வீட்டில் அவனைக் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட ஆரம்பித்தபோது அது பொருத்தமாகத்தான் இருந்தது. பதினாறு வயதில் நூறு கிலோ. ஃபேக்டரியில் தொழிலாளிகளுக்கு விடும் எலும்பைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றிலேயே அம்மா வளர்த்த உடம்பு. ஒரு நாள் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அதைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர் கையோடு அவனை ரக்பி மைதானத்துக்கு இழுத்துப்போய்விட்டார். முன்வரிசையில் தலையைக் கொடுத்து, எதிரே எட்டுப் பேர் சேர்ந்து தள்ளுவதைத் தாங்கித் திருப்பித் தள்ளுகிற இடம் அவனுக்கு.

"பந்தைத் தூக்கிட்டு ஓடறவன் பேருதான் பேப்பர்ல வருது. என் பிள்ளை என்னடான்னா மாடு மாதிரி முட்டிட்டு நிக்கறான்" என்று அம்மா குறைப்பட்டாள்.

"மாடு முட்டினாத்தான்டி நமக்குச் சோறு" என்றார் மூணாம் மேஜை.

பத்தொன்பது வயதில் ஊரின் பெரிய கிளப் அவனை எடுத்துக்கொண்டது. இருபத்துமூன்றில், ஒரே வாரத்தில், இரண்டு நாடுகள் அவனைக் கூப்பிட்டன. அவன் வளர்ந்த நாட்டிலிருந்து போன் வந்தது. பிறந்த நாட்டிலிருந்து ஆளே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விடாத மழை. வாசலில் ஒல்லியாக ஒரு மனுஷன், ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்க நின்றார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். மிச்ச நேரத்தில் நாட்டு அணிக்குப் பயிற்சியாளர். அம்மா அவருடைய ஷூவை வாங்கி, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து அடுப்புப் பக்கம் வைத்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தாள். பசித்து வந்தவர், நிதானமாகச் சாப்பிடப் பாடுபட்டார்.

"தம்பி ஆடின ஒன்பது மேட்ச் வீடியோ பார்த்துட்டேன் ஐயா. இவனை மாதிரி ஒரு ஆள் எங்ககிட்ட இல்லை. இன்னும் ரெண்டு வருஷத்துல உலகப் போட்டி. நம்ம நாடு முதல் தடவையா போகுது. தம்பி வந்தான்னா முதல் நாள்லேர்ந்து பதினஞ்சு பேர்ல ஒருத்தன். அதுக்கு அடுத்த போட்டிக்கு இவன்தான் கேப்டன்."

"பயிற்சிக்கு மைதானம் இருக்கா அங்க?" என்றார் மூணாம் மேஜை.

"இருக்கு. எங்க ஸ்கூல் மைதானம்தான். சாயந்திரம் நாலு மணிக்கு மேல நமக்கு."

"நாலு மணி வரைக்கும்?"

"பசங்க விளையாடுவாங்க."

மூணாம் மேஜை சிரித்தார். "டாக்டர்?"

"எங்க ஊர் டாக்டர் ஒருத்தர் வருவார். ஆட்டம்னா அவருக்கு உசுரு. சட்டையெல்லாம் நாங்களே துவைச்சுக்குவோம்."

"அது ஒண்ணும் கேவலம் இல்லையே" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. வாத்தியாரே, அந்த நாடு ஒழுங்கா சோறு போட்டிருந்தா நான் ஏன் இங்க வந்து மாட்டெலும்பு சுரண்டிட்டு இருக்கேன்?"

"நான் அங்கேயேதான் இருக்கேன் ஐயா. எனக்கும் அது பெரிசா ஒண்ணும் போட்டுடலை" என்றார் வாத்தியார். அப்புறம் தட்டை நகர்த்தி வைத்தார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இங்க அந்த இடத்துக்குத் தம்பிக்கு முன்னாடி ஆறு பேர் வரிசையில நிக்கறாங்க. இவங்க இவனைக் கூப்பிடறது ஆட வைக்கறதுக்கு இல்லை. நமக்கு ஆடிடக் கூடாதுன்னு. ஒரே ஒரு நிமிஷம் இந்த நாட்டுச் சட்டையோட மைதானத்துல இறங்கினாப் போதும். ஆயுசுக்கும் பூட்டு."

அப்போதைய விதி அப்படித்தான் இருந்தது. எந்த நாட்டுச் சட்டையில் முதலில் இறங்குகிறாயோ, சாகும்வரை அந்த நாட்டுக்காரன். அவர்கள் உன்னை மறுபடி கூப்பிடாவிட்டாலும் சரி.

"எட்டாத பழம் புளிக்கத்தானே செய்யும்?" என்றார் மூணாம் மேஜை. "ஷூ காஞ்சிருக்கும், பாருங்க."

காயவில்லை. வாத்தியார் அதையே மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் குட்டியின் தோளைத் தொட அண்ணாந்து கை நீட்ட வேண்டியிருந்தது. "யோசிச்சுச் சொல்லு தம்பி. நீ எது சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை" என்றார். வருத்தமில்லாத முகமாக அது இல்லை.

அன்று சாயங்காலம் குட்டி சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். அவன் கையில் கிழங்கு கோலிக்குண்டு மாதிரித் தெரிந்தது.

"எனக்கு அங்க போகணும் போல இருக்குப்பா" என்றான், கிழங்கைப் பார்த்துக்கொண்டே.

மூணாம் மேஜை நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டுக்கொண்டார்.

"குட்டி, எங்க சூப்பர்வைசருக்கு என் பேர் தெரியாது. தெரியுமா உனக்கு? பஸ்ல என் பக்கத்துல சீட் காலியா இருந்தா நின்னுக்கிட்டே வர்றவங்க இருக்காங்க. கொழுப்பு நாத்தம்னு நான் சமாதானம் சொல்லிக்குவேன். அதே நாத்தம் அடிக்கிற இந்த ஊர்க்காரன் பக்கத்துல போய் உக்காருவாங்க. அந்தச் சட்டையை நீ ஒரு நாள் போட்டு நில்லு. ஒரே ஒரு நாள். அப்புறம் என்னை எவன் என்ன சொல்றான்னு பார்த்துடறேன்."

"அது எனக்காகவா உங்களுக்காகவா?"

"ரெண்டும் வேற வேறயாடா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போகுது."

குட்டி சீவி முடித்த கிழங்குகளைக் கழுவி வைத்தான். "சரிப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக மூணாம் மேஜை அன்று எத்தனை சந்தோஷப்பட்டார் என்று பின்னால் நினைத்துப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

விளையாட்டைப் பாருங்கள், முதல் ஆட்டமே பிறந்த நாட்டோடு. அம்மா வர மறுத்துவிட்டு, அன்றைக்கென்று ஷிஃப்ட் கேட்டு வாங்கி வேலைக்குப் போனாள். சூப்பர்வைசரும் இன்னும் நாலு பேரும் மூணாம் மேஜையோடு வந்தார்கள். எழுபத்துமூன்று நிமிஷம் குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதற்குள் நாற்பத்தைந்துக்கு ஒன்பது. ஜெயித்து முடித்தாகிவிட்டது. எண்பது நிமிஷ ஆட்டத்தில் ஏழு நிமிஷம் பாக்கி இருக்கையில் ஒருவனை வெளியே அழைத்து இவனை உள்ளே அனுப்பினார்கள். ஒலிபெருக்கியில் பெயரைத் தப்பாகத்தான் படித்தார்கள். அந்தத் தப்பான பெயருக்கு முப்பதாயிரம் பேர் கை தட்டினார்கள். மூணாம் மேஜைக்குக் கண் நிறைந்து மைதானமே பச்சைத் தண்ணீராகத் தெரிந்தது. மகன் எங்கே ஓடினான், யாரைத் தள்ளினான், எதுவும் அவர் சரியாகப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் அவர் தோளைக் கட்டிக்கொண்டு, "நம்ம பையன்யா! நம்ம பையன்!" என்று கூவினார்.

கீழே, எதிரணிப் பெஞ்சில் வாத்தியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு. அதை மட்டும் மூணாம் மேஜை தெளிவாகப் பார்த்தார்.

ஃபேக்டரி கேன்டீனில் குட்டியின் படத்தை மாட்டினார்கள். சூப்பர்வைசர் யாரிடமோ கேட்டுப் பழகி, மூணாம் மேஜையின் பெயரை ஒரு நாள் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லிவிட்டார். அந்த வாழ்வு ஆறு வாரம். அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் குட்டி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கேட்டால், "தயாரா இரு, கூப்பிடுவோம்" என்றார்கள். தயாராக இருந்தான். குளிக்கப் போகும்போது போனைச் சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொள்வான். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். அவள் சொல்லாமல் போனால் மூணாம் மேஜைக்கு அன்று இரவுச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாத்தியாருக்கு அவரே போன் போட்டார். மனைவிக்குத் தெரியாமல், பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு.

"வாத்தியாரே, நான்தான்... குட்டியோட அப்பா."

"சொல்லுங்க ஐயா. தம்பி நல்லா இருக்கானா? முழங்கால்ல ஏதோ வலின்னு படிச்சேன்."

"அது சரியாப் போச்சு. வந்து... ஏதாவது வழி இருக்கா? ஏழு நிமிஷம்தானே ஆடினான். அதைப் பெரிசா எடுத்துக்காம..."

"முட்டை உடைஞ்சா உடைஞ்சதுதாங்க ஐயா. கொஞ்சமா உடைஞ்சதுன்னு ஒண்ணு இல்லை."

"எழுதிக் கேட்டா?"

"மூணு தடவை எழுதிக் கேட்டுட்டேன். அந்த ஆட்டம் முடிஞ்ச வாரமே முதல் கடிதம் போட்டுட்டேன்."

மூணாம் மேஜை போனை வைத்தார். அந்த மனுஷன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உலகப் போட்டியில் குட்டியின் இடத்தில் ஒரு பஸ் டிரைவர் ஆடினான். அவன் கீழே விழுந்த ஒவ்வொரு தடவையும் குட்டி சோபாவில் உட்கார்ந்தபடியே தோளை முறுக்கினான். அந்த அணி மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தது. ஜெயித்த அன்று குட்டி டிவியை அணைத்துவிட்டு, கொல்லையில் போய்த் துணி காயப்போட்டான்.

அம்மா அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. "ஊர்க்காரன் உங்க பேரைச் சொல்லணும்னு என் பிள்ளையை வித்துட்டீங்க" என்று ஆரம்பித்தால், பாத்திரம் கழுவி முடிகிறவரை ஓடும். மூணாம் மேஜை பதில் பேச மாட்டார். குட்டிதான் உள்ளேயிருந்து, "விடும்மா, தலை வலிக்குது" என்பான். அவ்வளவுதான். அப்பாவைக் குறைசொல்லி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

இருபத்தெட்டு வயதில், ஒரு சேற்று நாளில், கிளப் ஆட்டத்தில் முன்வரிசை மடிந்து விழுந்தது. எட்டும் எட்டும் பதினாறு பேர் பாரத்தில் அவன் கழுத்து மாட்டிக்கொண்டது. ஆறு மாதம் கழுத்தைச் சுற்றிப் பட்டை. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். வலது கையில் இரண்டு விரல் மரத்தே போயின. அம்மா பழையபடி எலும்புச் சாறு வைத்தாள். கிளப்பிலிருந்து நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது, அழகான காகிதம். அடுத்த வருஷமே விதியைத் தளர்த்தி, மூன்று வருஷம் காத்திருந்தவன் பிறந்த நாட்டுக்கு மாறி ஆடலாம் என்றுவிட்டார்கள். விதி தளர்ந்தது, கழுத்து தளரவில்லை.

தள்ளுவதைத் தவிர வேறு வேலை தெரியாத பிள்ளைக்காக மூணாம் மேஜை சூப்பர்வைசரிடம் போய் நின்றார். கேன்டீன் சுவருக்கு வெள்ளையடித்தபோது கழற்றிய படத்தை அதற்குள் எங்கேயோ போட்டுவிட்டிருந்தார்கள்.

"நாலாம் மேஜை காலியா இருக்கு. கொழுப்புச் சீவுற வேலைதான், பாரமில்லை. வரச் சொல்லு" என்றார் சூப்பர்வைசர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அப்படித்தான் அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்து மேஜைக்கு வந்தார்கள். ஒரு வருஷம் ஓடிற்று. மரத்த இரண்டு விரலை மடக்கிவைத்துக்கொண்டு கத்தி பிடிக்க அவன் பழகிக்கொண்டான்.

அன்று கேன்டீனில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். எங்கோ தூர தேசத்தில் நடந்த ஆட்டத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நேரடியாகக் காட்டினார்கள். இந்த நாடும் அந்த நாடும். அப்பாவும் மகனும் ஓரத்து மேஜையில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கடைசி இரண்டு நிமிஷத்தில் அந்த நாட்டு முன்வரிசை இந்த நாட்டு முன்வரிசையை அப்படியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. நடுவர் விசில் ஊதினார். அந்த நாட்டுக்காரன் தண்ட உதையாக அடித்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. இரண்டு புள்ளியில் ஜெயித்துவிட்டார்கள். வரலாற்றிலேயே முதல் தடவை என்று டிவிக்காரன் கத்தினான். வயசாகிப்போன அந்த வாத்தியாரைப் பிள்ளைகள் தோளில் தூக்கினார்கள்.

கேன்டீனில் ஒரு சத்தம் இல்லை. சூப்பர்வைசர் நாற்காலியைத் திருப்பி இவர்களைப் பார்த்தார்.

"என்னப்பா, உங்க ஆளுங்க எங்களைப் போட்டு மிதிச்சுட்டாங்களே!"

விளையாட்டாகத்தான் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். குட்டியும் சிரித்தான். முட்டையை உரித்து, உப்புத் தொட்டு, இரண்டு வாயில் சாப்பிட்டு முடித்தான். மூணாம் மேஜை ரொட்டியைத் திரும்பப் பொட்டலத்தில் சுற்றி வைத்தார்.

வேலை தொடங்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. மகன் வெந்நீர்த் தொட்டியில் கையை முக்கிக்கொண்டு தனியாக நின்றான். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"திட்டுடா" என்றார்.

"என்னது?"

"என்னைத் திட்டு. ஏழு வருஷமா உங்கம்மா திட்டறா, அது எனக்குப் பழகிப்போச்சு. நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கற. அதான் என்னால தாங்க முடியலை. என்னாலதான் கெட்டேன்னு சொல்லிடு. வாய்விட்டுச் சொல்லிடு."

குட்டி உடம்போடு அவர் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொன்னதாலதான் போனேன். அது நெசம்தான்."

"ம்."

"உள்ள இறங்கினதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாதுப்பா. பந்து கோட்டுக்கு வெளிய போச்சுன்னா, ரெண்டு பக்கமும் வரிசையா நிப்போம்ல. எறியற பந்தை ஆளைத் தூக்கிப் பிடிப்போம்ல. அது அவங்க பந்து. யாருக்கு எறியணும்னு அவங்களுக்குள்ள சத்தமாக் கத்திக்கறாங்க. நம்ம பாஷையில. இங்க எவனுக்குப் புரியப் போகுதுன்னு ஒரு தைரியம். 'கடைசி ஆளுக்குடா, கடைசி ஆளுக்கு'ன்னு."

மூணாம் மேஜை அவன் வாயையே பார்த்தார்.

"நான் எங்க ஆள் காதுல சொன்னேன். பந்து எங்களுக்கு வந்துச்சு. மறுபடி கத்தினாங்க, மறுபடி சொன்னேன். மூணு தடவை. மூணாவது தடவை அவங்கள்ல ஒருத்தன் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. ஒண்ணும் பேசலை. சும்மா பார்த்தான்."

"உன்னைச் சொல்லச் சொல்லி யாராவது..."

"யாரும் கேக்கலை. அவங்களுக்கு எனக்குப் பாஷை தெரியும்கறதே ஞாபகம் இல்லை. நானாத்தான் சொன்னேன். ஏற்கெனவே ஜெயிச்ச ஆட்டம்ப்பா அது. அந்த மூணு பந்தால ஒண்ணும் ஆகப் போறதில்லை. கேப்டன் வந்து என் தலையில தட்டினான். ஒரு தட்டு. அந்த ஏழு நிமிஷம் மாதிரி நான் சந்தோஷமா இருந்ததே இல்லை. இதுல உங்களை எங்கப்பா திட்டறது?"

மணி அடித்தது. அவன் கையை உதறிவிட்டுக் கம்பிக் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

வேலை முடிந்து குட்டி கழுத்துப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். மூணாம் மேஜையும் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள். வெயில் சாய்ந்து ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது. சலவை அறை ஜன்னலிலிருந்து தொட்டி தெரியும், அவள் பார்த்திருந்தாள்.

"மத்தியானம் ரெண்டு பேரும் நின்னு என்னமோ பேசினீங்களே. குட்டி என்ன சொன்னான்?"

அவர் வெயிலுக்குக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"திட்டினான்" என்றார்.

"திட்டினானா? உங்களையா?"

"ஆமா. உங்களாலதான் கெட்டேன்னான். நல்லாத் திட்டிட்டான்."

அவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஏழு வருஷமாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது.

"திட்டட்டும்" என்றாள். "இப்பவாவது என் பிள்ளைக்கு வாய் வந்துச்சே."